எத்தனை பேரைக் கேட்பது என்பது மூன்றாவது கேள்வி: திருகோணமலையில் சந்தை ஆய்வுக்கு மாதிரி தெரிவு செய்வது பற்றி

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், கிண்ணியாப் பக்கத்தில் எருமைப்பால் தயிர் போடுகிற ஒரு சிறு உற்பத்தியாளரை எடுத்துக்கொள்வோம். காலங்காலமாக மண்சட்டியில் போட்டு விற்கிறவர். இனிமேல் சின்ன பிளாஸ்டிக் கப்பில் அடைத்து, மூடி ஒட்டி, மாவட்டம் முழுக்க அனுப்பலாமா என்று யோசிக்கிறார். கப் மூடுகிற மெஷினுக்கும் குளிரூட்டிக்கும் கடன் எடுக்க வேண்டும். கடனில் கையெழுத்துப் போடும் முன் சனத்திடம் கேட்டுப் பார்ப்போம் என்று நினைக்கிறார். நல்ல யோசனை. உடனே வருகிற கேள்வி: "எத்தனை பேரைக் கேட்டால் போதும்?"

சந்தை ஆய்வில் இறங்குகிற பெரும்பாலானோர் இங்கேதான் தொடங்குகிறார்கள். நானூறா, ஆயிரமா என்று ஓர் இலக்கத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிட்டது போல ஒரு நிம்மதி. உண்மையில் இது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலாவது, வருகிற விடையை வைத்து என்ன முடிவு எடுக்கப் போகிறோம் என்பது. இரண்டாவது, நாம் ஆட்களைத் தேடிப் போகிற வழியில் யார் நமக்கு அகப்படவே மாட்டார்கள் என்பது. இந்த இரண்டும் தெளிவானால் எந்த மாதிரியெடுப்பு முறை, அதாவது எல்லோருக்கும் பதிலாகச் சிலரை மட்டும் தெரிந்தெடுத்துக் கேட்கும் முறை, பொருந்தும் என்பது பெரும்பாலும் தானாகவே புலப்படும். தெளிவாகாமல் களத்தில் இறங்கினால் கைக்காசு கரைந்ததுதான் மிச்சம்.

முதல் கேள்வியைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். கடனைக் கட்டி, பால் கொடுப்பவர்களுக்குக் காசு கொடுத்து, தானும் சமாளிக்க, மாவட்டத்தில் பத்து வீட்டில் ஒரு வீடு வாரத்துக்கு இரண்டு கப் வாங்கினால் போதும் என்று அவருடைய கணக்கு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவருக்குத் தேவையான விடை, பத்து வீதத்துக்கு மேலா கீழா என்பதுதான். நாற்பது வீதமா நாற்பத்தைந்து வீதமா என்று நுணுக்கமாக அளக்கப் பணம் செலவழிப்பதில் பயனில்லை. அதே ஆள் "நகரத்துக்கு எத்தனை கப், கந்தளாய்க்கு எத்தனை கப் அனுப்புவது" என்று பிரதேசவாரியாகத் தீர்மானிக்க விரும்பினால் கதை வேறு. அப்போது ஒவ்வொரு பிரதேசத்துக்கும் தனித்தனியே நம்பத்தக்க விடை வேண்டும், மாதிரியும் அதற்கேற்பப் பெருக்கும். ஆய்வு செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால், எந்த முடிவுக்காக இந்த ஆய்வு என்று அவர் முதலில் கேட்கிறாரா என்று கவனியுங்கள். கேட்காமல் மாதிரியின் அளவைச் சொல்லி விலை பேசுகிறவரை நான் நம்பமாட்டேன்.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்றால்

ஆகச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. வளாக மாணவர் இரண்டு பேரைப் பிடித்து, வினாக்கொத்தைக் கையில் கொடுத்து, நகரத்தில் மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலோ பஸ் நிலையத்திலோ நிறுத்திவிடுவது. ஓரிரு நாளில் நானூறு பேரைப் பிடித்துவிடலாம். வசதிமாதிரி என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்.

அங்கே யார் வருவார்கள்? மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வருகிறவர்கள், அலுவலகம் போகிறவர்கள், டியூஷன் பிள்ளைகள், சாமான் வாங்க வந்தவர்கள். வெருகலில் இருந்து நகரத்துக்கு எப்போதாவது ஒருமுறை வருகிற பெண் அந்த நேரத்தில் அங்கே நிற்கமாட்டார். புல்மோட்டையில் கடலுக்குப் போய்வந்து பகலில் படுத்திருப்பவரும் இருக்கமாட்டார். கோமரங்கடவல விவசாயிக்குத் திருகோணமலை நகரத்தில் அன்றாட அலுவல் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம்.

இது எல்லோரும் சொல்கிற குறைதான். தயிர் விஷயத்தில் இன்னொன்று இருக்கிறது, அதுதான் ஆபத்தானது. பஸ் நிலையத்தில் நிற்கிறவரின் இரண்டு கையிலும் பை. அவரிடம் போய், "மண்சட்டித் தயிர் விருப்பமா, கப் தயிர் விருப்பமா?" என்று கேட்டால் என்ன சொல்வார்? சட்டியைத் தூக்கிக்கொண்டு நெரிசல் பஸ்ஸில் மூதூர் போய்ச் சேருவதை நினைத்துப் பார்த்து, கப் என்றுதான் சொல்வார். அதே ஆளை அவருடைய வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் கேட்டால் விடை மாறலாம். நாம் நின்ற இடமே விடையை ஒரு பக்கம் இழுத்துவிட்டது. இந்தப் பக்கச்சார்பு, நானூறு பேரை நாலாயிரம் பேராக்கினாலும் ஓர் அங்குலமும் குறையாது. தவறான விடையின் மேல் நமக்கு உள்ள நம்பிக்கைதான் கூடும்.

உலகறிந்த உதாரணம் 1936 இல் அமெரிக்காவில் நடந்தது. லிட்டரரி டைஜஸ்ட் என்ற சஞ்சிகை ஜனாதிபதித் தேர்தலை முன்கூட்டிச் சொல்ல ஒரு கோடி பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பியது. முகவரிகளைத் தொலைபேசி விபரக்கொத்திலும் கார் பதிவுப் பட்டியலிலும் இருந்து திரட்டினார்கள். இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டவை நிரப்பப்பட்டுத் திரும்பி வந்தன. லாண்டன் என்ற வேட்பாளர் வெல்வார் என்றது சஞ்சிகை. வென்றவர் அப்போது ஜனாதிபதியாக இருந்த ரூஸ்வெல்ட், அதுவும் அறுபது வீதத்துக்கு மேல் வாக்கெடுத்து. பொருளாதாரம் நொடிந்துகிடந்த அந்தக் காலத்தில் வீட்டில் தொலைபேசியும் வாசலில் காரும் வைத்திருந்தவர்கள் யார் என்று யோசித்தால் காரணம் விளங்கும். சீட்டைத் திருப்பி அனுப்ப மெனக்கெட்டவர்களும் ஆட்சி மாறவேண்டும் என்று துடித்தவர்களே அதிகம். அதே தேர்தலில் கருத்துக்கணிப்பாளர் ஜோர்ஜ் கலப் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேரை வைத்துக்கொண்டு வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார்.

இலக்கம் எங்கே நிற்கிறது

எழுமாற்றாக எடுத்த மாதிரி என்றால், அதாவது பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் அகப்படுவதற்கு முன்கூட்டியே தெரிந்த ஒரு வாய்ப்பு இருந்தால், கணக்கு எளிமையானது. 95 வீத நம்பிக்கை மட்டத்தில், அதாவது இப்படி நூறு முறை செய்தால் 95 முறை சொன்ன எல்லைக்குள் உண்மை அகப்படும் என்ற அளவில், 100 பேரைக் கேட்டால் விடை ஏறத்தாழப் பத்து வீதப் புள்ளி மேலும் கீழும் ஆடலாம். 400 பேர் என்றால் ஐந்து. 1,600 பேர் என்றால் இரண்டரை. இந்த ஆட்டத்தை, அதாவது வழுவை, பாதியாக்க மாதிரியை நான்கு மடங்காக்க வேண்டும்.

இதில் பலருக்கு நம்பக் கஷ்டமாக இருப்பது, மொத்தச் சனத்தொகை எவ்வளவு என்பது இந்தக் கணக்கைப் பெரிதாக மாற்றுவதில்லை என்பது. திருகோணமலை மாவட்டத்துக்கு 400 என்றால், முழு இலங்கைக்கும் ஒரே விடை போதுமென்றால் அதே 400 தான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதில் பானையின் அளவு பேச்சிலேயே வருவதில்லை. ஆனால் பானையில் சோறு ஒரே சீராக வெந்திருக்க வேண்டும் என்பது அந்தப் பழமொழியின் சொல்லாத நிபந்தனை. நம் மாவட்டம் அப்படி இல்லை. அதனால்தான் இங்கே மாதிரி எடுப்பது, வேறு பல மாவட்டங்களைவிடக் கவனமாகச் செய்யவேண்டிய வேலை.

சுமார் 2,700 சதுர கிலோமீற்றர் பரப்பு. பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகள், 230 கிராம அலுவலர் பிரிவுகள். 2012 தொகைமதிப்பின்படி (சனத்தொகைக் கணக்கெடுப்பு) ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம் மக்கள். முஸ்லிம்கள் பத்தில் நான்கு பேர் அளவில், தமிழர் மூன்று பேர் அளவில், சிங்களவர் கால்வாசிக்குச் சற்று மேல். இந்தக் கலவை எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் பரவிக் கிடக்கவில்லை. கிண்ணியாவில் அநேகமாக எல்லோரும் முஸ்லிம்கள், வெருகலில் பெரும்பாலும் தமிழர், பதவிசிறிபுரவில் சிங்களவர். கடலோரத்தில் மீன்பிடி, தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் வயல், நிலாவெளி உப்புவெளியில் சுற்றுலா, சீனக்குடாவில் தொழிற்சாலை வேலை. உணவுப் பழக்கமும் வாங்குகிற இடமும் கைக்கு வரும் காசும் இந்தக் கோடுகளின் வழியே மாறுகின்றன. குருட்டாம்போக்கில் 400 வீட்டை எடுத்தால் ஏதோ ஒரு பக்கம் தற்செயலாகக் கூடிவிட இடமுண்டு.

அதற்குத்தான் படையாக்கம். மாவட்டத்தை முதலில் நமக்குப் பொருத்தமான பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் தனியாக எழுமாற்றாக எடுப்பது. பிரிக்கும்போது இனத்தையோ பிரதேச செயலக எல்லையையோ கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்த வேண்டியதில்லை. நாம் அளக்கிற விஷயம் எதனால் மாறுகிறதோ அதன்படி பிரிக்க வேண்டும். தயிருக்கு என்றால் நான் மூன்றாகப் பிரிப்பேன்: வீட்டிலேயே மாடு எருமை வைத்திருக்கும் உட்பகுதி ஊர்கள், நகரமும் அதன் சுற்றும், மற்றக் கடலோர ஊர்கள். சொந்தமாகத் தயிர் போடுகிற வீடும் காசு கொடுத்து வாங்குகிற வீடும் ஒரே சந்தை இல்லை.

யாருடைய பட்டியல்?

எழுமாற்றாக எடுக்க ஒரு பட்டியல் வேண்டும். மாதிரிச் சட்டகம் என்று அழைக்கப்படும் இந்தப் பட்டியலில் இல்லாதவர் ஆய்வில் வரவே முடியாது. ஆகவே பட்டியலின் ஓட்டைதான் ஆய்வின் ஓட்டை.

தொகைமதிப்பு இருக்கிறதே என்று சொல்லலாம். இருக்கிறது, ஆனால் அதன் வரலாறு நம் மாவட்டத்தில் மேடு பள்ளமானது. 1981 இல் முழுமையாக எடுத்தார்கள். 2001 இல் யுத்த நிலைமையால் வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பகுதியை எண்ண முடியவில்லை, திருகோணமலையும் அரைகுறையாகவே நின்றது. அடுத்த முழுக் கணக்கு 2012 இல், முப்பத்தொரு வருடங்களுக்குப் பிறகு. அதற்கிடையில் எத்தனை முறை சனம் இடம்பெயர்ந்தது, 2004 சுனாமியில் எத்தனை கரையோரக் குடியிருப்புகள் இடம் மாறின என்பது இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2012 கணக்கும் சில வருடங்களில் பழசாகிவிட்டது. 2006 இல் சம்பூரை விட்டுப் போன மக்களில் பலர் 2012 க்குப் பிறகே ஊர் திரும்பினார்கள். 2012 பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டு வேலை செய்தவருக்குச் சம்பூர் என்ற சந்தை கண்ணில் பட்டிருக்காது. 2024 இறுதியில் புதிய தொகைமதிப்பு நடந்திருப்பதால், எந்த வருடத்து எண்ணை வைத்துப் பிரித்தோம் என்பதை ஆய்வறிக்கையில் எழுதுவது இப்போது கட்டாயம்.

வாக்காளர் இடாப்பு இன்னொரு வழி. வீட்டு ஒழுங்கில் பெயர்கள் இருக்கும். ஆனால் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவரின் பெயரும் அதில் இருக்கலாம், போன மாதம் வாடகைக்கு வந்த குடும்பம் இல்லாமல் இருக்கலாம். நடைமுறையில் கிராம அலுவலரிடம் உள்ள குடும்ப எண்ணிக்கைதான் பெரும்பாலும் புதியது. தனிப்பட்ட விபரங்கள் நமக்குத் தேவையில்லை, எத்தனை குடும்பம் என்பது மட்டும் போதும். வீட்டு ஒழுங்கைப் பிறகு நாமே ஊருக்குள் நடந்து எழுதிக்கொள்ளலாம்.

தொலைபேசியில் கேட்டால் என்ன? செலவு குறைவு, உண்மைதான். ஆனால் 077, 071, 076 என்று தொடங்கும் கைத்தொலைபேசி இலக்கம் ஆள் எந்த மாவட்டம் என்று சொல்லாது. 2012 இல் நாட்டின் சனத்தொகை இரண்டு கோடியே மூன்று இலட்சம், திருகோணமலை அதில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. எழுமாற்றாக இலக்கம் அழுத்தி இங்குள்ள 400 பேரைப் பிடிக்க, இருபதாயிரம் பேருக்கு மேல் கதைக்க வேண்டும். 026 என்று தொடங்கும் நிலையான இணைப்புகளுக்குள் நின்றால் மாவட்டம் சரியாக வரும், சனம் சரியாக வராது. இரண்டு சிம் வைத்திருப்பவருக்கு அகப்படும் வாய்ப்பு இரட்டிப்பு என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பேஸ்புக் குழுவில் கருத்துக்கணிப்புப் போடுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது மணிக்கூட்டுக் கோபுரத்தடியைவிடக் குறுகலான இடம்.

நாற்பது ஊர், ஊருக்குப் பத்து வீடு

வீடு வீடாகப் போவதுதான் வழி என்று வந்தால் அடுத்த சிக்கல் தூரம். மாவட்டம் முழுக்கச் சிதறிய 400 வீடுகளை எடுத்தால் புல்மோட்டையில் ஒன்று, ஈச்சிலம்பற்றில் ஒன்று, மொரவெவவில் ஒன்று என்று ஓடியே பெற்றோல் காசு முடிந்துவிடும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு படகுத்துறையில் காத்திருக்க வேண்டியதில்லை என்றாலும், தூரம் தூரம்தான். ஆகவே இரண்டு கட்டமாகப் போகிறோம்: முதலில் சில ஊர்கள், பிறகு ஒவ்வோர் ஊருக்குள்ளும் சில வீடுகள். கொத்தணி முறை என்பது இதுதான். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களமும் வீட்டு வருமான செலவின ஆய்வுக்கு இரண்டு கட்டப் படையாக்கத்தையே பின்பற்றுகிறது. 2019 ஆய்வுக்கு நாடு முழுவதும் 25,000 வீட்டு அலகுகள் தெரிவாகின.

இது எப்படி நடக்கிறது என்று கிட்ட நின்று பார்ப்போம். 230 கிராம அலுவலர் பிரிவுகளையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் குடும்ப எண்ணிக்கையை எழுதி, மேலிருந்து கீழாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள். கடைசிக் கூட்டுத்தொகை 96,000 என்று வைத்துக்கொள்வோம். 40 பிரிவு வேண்டுமென்றால் 96,000 ஐ 40 ஆல் பிரிக்க, இடைவெளி 2,400. ஒன்றுக்கும் 2,400 க்கும் இடையில் குலுக்கலில் ஓர் எண் எடுங்கள். 731 வந்தது என்றால், 731 ஆவது குடும்பம் எந்தப் பிரிவில் விழுகிறதோ அது முதல் ஊர். பிறகு 3,131, அதன் பிறகு 5,531, இப்படியே கடைசி வரை. பெரிய ஊருக்கு அகப்படும் வாய்ப்பு அதிகம், சின்ன ஊருக்குக் குறைவு. ஆனால் ஊர் அகப்பட்ட பிறகு எல்லா ஊரிலும் பத்து வீடுதான் எடுக்கிறோம், ஆகவே சின்ன ஊரில் ஒரு வீட்டுக்கு உள்ள வாய்ப்பு அதிகம், பெரிய ஊரில் குறைவு. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து, மாவட்டத்தின் எந்த வீட்டுக்கும் வாய்ப்பு 240 இல் ஒன்றாக வந்து நிற்கிறது. வெருகலின் கடைசி வீட்டுக்கும் நகர மத்தியில் உள்ள வீட்டுக்கும் ஒரே வாய்ப்பு. எனக்கு இந்தத் துறையில் ஆகப் பிடித்த கணக்கு இதுதான். தாளில் ஊர்களை எழுதும்போது கடலோரம், நகரம், உட்பகுதி என்ற ஒழுங்கில் எழுதிவிட்டால் படையாக்கமும் சும்மா கிடைத்துவிடும்.

இதற்கு ஒரு விலை உண்டு. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரே மாதிரி இருப்பார்கள். ஒரே தொழில், ஒரே கடை, ஒரே சாப்பாட்டுப் பழக்கம். பத்து வீட்டைக் கேட்டாலும் பத்துப் புதிய தகவல் கிடைப்பதில்லை. இந்த ஒத்த தன்மையை அளக்க ஒரு குணகம் இருக்கிறது (ஒற்றுமையே இல்லையென்றால் 0, எல்லோரும் ஒரே அச்சு என்றால் 1). அது 0.1 என்று எடுத்தால், ஊருக்குப் பத்து வீடு வீதம் கேட்ட 400 வீடுகள், சிதறலாக எடுத்த 210 வீடுகளுக்குத்தான் சமம். ஊருக்கு இருபது வீடு, இருபது ஊர் என்று சுருக்கினால் 138 ஆக விழுந்துவிடும். ஊருக்கு ஐந்து வீடு, எண்பது ஊர் என்று விரித்தால் 286 க்கு ஏறும். மூன்றிலும் வினாக்கொத்து 400 தான், சம்பளமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், போக்குவரத்துச் செலவு மட்டும் வேறு. நம் மாவட்டத்தில் ஓர் ஊருக்குள் ஒற்றுமையும் ஊருக்கு ஊர் வேற்றுமையும் அதிகம் என்பதால், அதிக ஊர், குறைந்த வீடு என்ற பக்கம் சாய்வதே இங்கே புத்தி.

படலையடியில் நடப்பது

தாளில் இவ்வளவு அழகாகச் செய்த தெரிவு, ஒழுங்கைக்குள் கால் வைத்ததும் குலைந்துபோக முடியும். கள உத்தியோகத்தரின் கையில் "இந்த ஊரில் பத்து வீடு" என்று மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பினால் என்ன செய்வார்? நாய் குரைக்கிற வளவைக் கடந்து போவார். படலை பூட்டியிருந்தால் அடுத்ததுக்குப் போவார். விறாந்தையில் யாராவது இருந்து சிரித்தால் அங்கே உட்காருவார். அவர்மேல் பிழை இல்லை, வெயிலில் நடக்கிற யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் அப்படி எடுத்த பத்து வீடும் பகலில் ஆள் இருக்கிற, நாய் இல்லாத, வந்தவரை வரவேற்கிற வீடுகள். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற வீடு, அதாவது கப் தயிர் வாங்க அதிக வாய்ப்புள்ள வீடு, வெளியே நிற்கும்.

அதனால் வீட்டைத் தெரிவு செய்யும் உரிமையைக் களத்தில் இருப்பவரிடம் கொடுக்கக் கூடாது. ஊரில் நடந்து வீடுகளைப் பட்டியலிட்டு, அலுவலகத்தில் எழுமாற்றாகப் பத்தை எடுத்து, அந்தப் பத்தை மட்டும் கொடுக்க வேண்டும். பூட்டியிருந்தால் பின்னேரம் ஒருமுறை, விடுமுறை நாளில் ஒருமுறை திரும்பப் போகவேண்டும். அதன் பிறகும் கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று எழுத வேண்டும், பக்கத்து வீட்டைப் போட்டு நிரப்பக் கூடாது. முஸ்லிம் ஊர்களில் ஆண்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் ஆண் உத்தியோகத்தர் போனால் கதை படலையோடு முடியும், அங்கே பெண்கள் போக வேண்டும். கோமரங்கடவலவுக்குச் சிங்களத்தில் இயல்பாகக் கதைக்கிறவர் வேண்டும், மொழிபெயர்த்த தாளை வாசிக்கிறவர் போதாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம், நோன்பு மாதம், கோயில் திருவிழா நாட்கள் எல்லாம் யார் அகப்படுகிறார்கள் என்பதை மாற்றும்.

வீட்டுக்குள் போன பிறகு யாரைக் கேட்பது? 1949 இல் லெஸ்லி கிஷ் என்ற புள்ளியியலாளர் ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தார். வீட்டிலுள்ள பெரியவர்களை வயது, பால் ஒழுங்கில் எழுதி, அட்டவணை சொல்கிறவரை மட்டும் கேட்பது. தேர்தல் கருத்துக்கணிப்புக்கு இது மிக நல்லது. தயிருக்குத் தேவையில்லை. வீட்டுக்குச் சாமான் வாங்குகிறவர் யார் என்று கேட்டு அவரிடம் கதைத்தால் போதும். பல வீடுகளில் வாங்குகிறவர் ஆண், என்ன வாங்குவது என்று தீர்மானிக்கிறவர் பெண். இரண்டு பேரையும் ஒன்றாக வைத்துக் கேட்பதே நல்லது.

இந்தியப் புள்ளியியலாளர் மகலனோபிஸ் 1937 முதல் வங்காளத்தில் சணல் பயிர் அளவை எழுமாற்று மாதிரியால் மதிப்பிடத் தொடங்கியபோது கையாண்ட ஓர் உத்தியை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒரே பிரதேசத்துக்கு இரண்டு தனித்தனி மாதிரி எடுத்து, இரண்டு வெவ்வேறு குழுவை அனுப்புவார். இரண்டின் விடையும் கிட்டக்கிட்ட வந்தால் சரி. பெரிதாக விலகினால் பிழை எங்கேயோ களத்தில் இருக்கிறது. செலவு அதிகரிக்காது, 40 ஊரை இரண்டு இருபதாகப் பிரிப்பது மட்டும்தான்.

எழுமாற்று இல்லாமலும் முடியும் இடங்கள்

இவ்வளவும் படித்துவிட்டு எல்லாவற்றுக்கும் எழுமாற்று மாதிரிதான் என்று யாரும் முடிவெடுக்க வேண்டாம். வணிக உலகில் ஒதுக்கீட்டு மாதிரி அன்றாடம் ஓடுகிறது. இத்தனை பெண், இத்தனை ஆண், இந்த வயதில் இத்தனை பேர் என்று எண்ணிக்கையைக் கொடுத்து, ஆளை உத்தியோகத்தரே தேடிக்கொள்வது. 1948 அமெரிக்கத் தேர்தலில் கலப் உட்படப் பெரிய கணிப்பாளர்கள் எல்லோரும் டூயி வெல்வார் என்று சொல்லி, ட்ரூமன் வென்றபோது அடிவாங்கியது இந்த முறை. ஒதுக்கீடு சரியாக நிரம்பியிருந்தாலும், ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பிடிக்கச் சுலபமான ஆளே இருந்தார். கணிப்பை முன்கூட்டியே நிறுத்திக்கொண்டதும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் இரண்டு லேபிளில் எது கண்ணில் படுகிறது, விலையைக் கேட்டதும் முகம் சுழிக்கிறார்களா என்று பார்க்க ஒதுக்கீட்டு முறை போதும். மாவட்டத்தில் எத்தனை வீதம் என்ற கேள்விக்குத்தான் அது உதவாது.

சுவை ஒப்பிடும் சோதனைக்கு இன்னொரு நியாயம். அங்கே ஆளை எழுமாற்றாகத் தெரிவு செய்வதைவிட, யாருக்கு எந்தக் கப்பை முதலில் கொடுப்பது என்பதை எழுமாற்றாகத் தீர்மானிப்பதுதான் முக்கியம். எல்லோருக்கும் புதியதை முதலில் கொடுத்தால், முதலில் சாப்பிட்டதால் பிடித்ததா, உண்மையாகவே பிடித்ததா என்று பிரிக்க முடியாது. கப் தயிரை ஏற்கெனவே வாங்கிப் பார்த்துவிட்டு நிறுத்தியவர்களைத் தேட, ஒருவரைப் பிடித்து அவர் மூலம் அடுத்தவரைப் பிடிக்கும் பனிப்பந்து முறை உதவும். காரணம் தெரிந்துகொள்ள அது நல்லது, எண்ணிக்கைக்குப் பயன்படாது.

ஹோட்டல்களும் கடைகளும் வேறு சங்கதி. நிலாவெளி, உப்புவெளிப் பெரிய ஹோட்டல்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கும், ஒவ்வொன்றும் வாங்கும் அளவோ அதிகம். அங்கே மாதிரி எடுப்பதே பிழை, எல்லாவற்றையும் கேட்டுவிட வேண்டும். கடைகளிலும் பெரிய சுப்பர் மார்க்கெட்டுகளை முழுதாக எடுத்துக்கொண்டு, சந்திக்குச் சந்தி இருக்கிற சின்னக் கடைகளில் மட்டும் எழுமாற்றாக எடுப்பதே சரி. உள்ளூராட்சி சபைகளில் உள்ள வியாபார அனுமதிப் பட்டியல் தொடக்கத்துக்கு உதவும். அனுமதி இல்லாமல் வீட்டு முன்பக்கத்தில் நடக்கிற கடைகளை ஊருக்குள் நடக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம். உல்லாசப் பயணிகளுக்குப் பட்டியலே கிடையாது. அவர்களுக்கு இடத்தையும் நேரத்தையும் பட்டியலாக்கி, கடற்கரையின் எந்தப் பகுதி, எந்த நாள், எந்த மணிநேரம் என்று எழுமாற்றாக எடுத்து, அந்த நேரத்தில் கடந்துபோகிற ஒவ்வொரு பத்தாவது ஆளையும் மறித்துக் கேட்பது வழக்கம்.

ஒரு பிரதேசத்தின் விடை தனியாக வேண்டும் என்பதற்காக அங்கே விகிதத்துக்கு மேல் எடுத்தால், கடைசியில் நிறைகொடுக்க, அதாவது ஒவ்வொரு பகுதியின் விடையையும் அதன் மக்கள் பங்குக்கேற்பக் கணக்கில் எடுக்க, மறக்கக் கூடாது. கற்பனைக்கு, கடலோரத்தில் 200, உட்பகுதியில் 200 என்று எடுத்தோம். கடலோரத்தில் 60 வீதம், உட்பகுதியில் 20 வீதம் வாங்குவோம் என்கிறார்கள். சும்மா கூட்டிப் பிரித்தால் 40 வீதம். ஆனால் மக்களில் எழுபது வீதம் கடலோரத்தில் இருந்தால் உண்மை விடை 48 வீதம்.

தயிர்க்காரருக்குத் திரும்பினால், அவருடைய முடிவு பத்து வீதத்துக்கு மேலா கீழா என்பது. அதற்கு 400 வேண்டியதில்லை. 40 ஊரில் ஊருக்கு ஐந்து வீடு, மொத்தம் 200 வீடு, பெரிய ஹோட்டல்கள் எல்லாம், நாற்பது ஐம்பது சின்னக் கடைகள் என்றால் தாராளம். விடை முப்பதை ஒட்டி வந்தால் தயங்காமல் கடன் எடுக்கலாம். பத்தை ஒட்டி வந்தால் மட்டும் மேலும் ஊர்களைச் சேர்த்துப் பார்க்கலாம். வாங்குவோம் என்று சொல்கிற எல்லோரும் வாங்குவதில்லை, ஆகவே மிச்சப்படும் காசில் எழுமாற்றாக எடுத்த சில கடைகளில் ஒரு மாதம் கப் தயிரை உண்மையாகவே வைத்து விற்றுப் பார்ப்பது இன்னும் இருநூறு வினாக்கொத்தைவிடப் பெறுமதியானது.

எப்போது கேட்பது என்பதும் மாதிரியின் ஒரு பகுதிதான். ஜூலையில் நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் நிறைந்திருக்கும், கடற்கரையை நம்பியிருப்பவர்களின் கையில் காசு புழங்கும். டிசம்பரில் வாடைக்காற்றும் மழையும், கடலுக்குப் போகாத நாட்கள் பல. ஒரு மாதத்தில் எடுத்த விடையை முழு வருடத்துக்கும் நீட்டக் கூடாது. 40 ஊரில் இருபதை ஜூலையிலும் இருபதை டிசம்பரிலும் போனால் செலவு ஏறக்குறைய அதேதான். அந்த இருபதைப் பிரிப்பதையும் எழுமாற்றாகவே செய்ய வேண்டும். மழைக்காலத்துக்கு வீதி நல்ல ஊர்களை ஒதுக்கி வைத்துக்கொண்டால், டிசம்பர் விடை என்று வருவது வெள்ளம் ஏறாத ஊர்களின் விடையாக மட்டும் இருக்கும்.